செந்தேளும் இருதயமும்

மனித உடம்பிலே பிறப்பு முதல் இறப்பு வரை ஓய்வு என்பதை அறியாது உழைக்கும் உறுப்பு இருதயம். அது நின்றால் எல்லாம் நின்றது. ஆகவே நெஞ்சிலே நோவு தோன்றியதும் மனிதன் அஞ்சுகிறான். முடியுரு நாடிகள் எனப்படும் இரத்தக் குழாய்கள் இருதயத் தசைக்கு உணவும் காற்றும் ஊட்டுவன. அவற்றுள் ஒன்று அடைபட, அதனால் ஊட்டம் பெற்ற தசைப்பகுதி மடிவதே மாரடைப்பு. இவ்வாறு மடிந்த தசை மீண்டும் உயிர்பெறுவதில்லை. அவ்விடத்திலே வடு மட்டுமே எஞ்சுகிறது.

ஆனால் மாரடைப்பைப் போலவே வந்து, மாரடைப்பின் அடையாளங்கள் யாவற்றையும் காட்டி, வைத்தியரையும் மயங்கச் செய்து, சில நாட்களிலோ சில வாரங்களிலோ சுவடு தெரியாமல் நீங்கிவிடும் இருதயத் தசை நோய்களும் உண்டு. அவற்றிலே நாடிகள் அடைபடுவதில்லை, தசை மடிவதில்லை, திகைத்து நின்றுவிடுகிறது. திகைப்பு நீங்கியதும் பழையபடி தொழிலைத் தொடங்குகிறது. இந்த உண்மையை உலக வைத்தியம் அறிந்துகொண்ட வரலாறு ஜப்பான் தேசத்து மீனவரின் மட்பானையையும், இந்தியாவின் கொங்கணக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றையும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களையும் ஒரே நூலிலே கோப்பதாகும்.

யாழ்ப்பாணத்தில் இருதயத்தைப் பற்றிய அறிவு நேற்று வந்ததன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் நல்லூரிலிருந்து ஆண்ட காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் குடாநாட்டின் பரம்பரை வைத்தியர்களால் ஏடுகளிலே பேணப்பட்டு வந்தவை. ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையா அவர்கள் பரராசசேகரத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பகுதி பகுதியாக அச்சேற்றினார். விடகடி வைத்தியம் இம்மரபின் சிறப்பான கிளைகளுள் ஒன்று. பாம்பு, தேள், பூரான் முதலியவற்றின் கடிக்கு மருந்தறிந்தவர்கள் ஊர்தோறும் இருந்தனர். அவர்கள் வீட்டு வாயிலை இரவென்றும் பகலென்றும் பாராது மக்கள் தட்டினர்.

மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே தந்த பெருமையும் இக்குடாநாட்டிற்கு உரியதே. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற்கு வந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும் பின்னர் மானிப்பாயிலும் இருந்து நோயாளரைப் பார்த்தார். 1848இல் மானிப்பாயிலே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பிலே அரசினர் வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது 1870இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாயில் வைத்தியப் படிப்பு நடைபெற்றது. முதலில் ஆங்கிலத்திலே கற்பித்த கிறீன், 1860களிலே தமிழுக்கு மாறினார். கிராமத்தில் வாழும் மக்களுக்குப் பயன்பட வேண்டிய கல்வி அம்மக்களின் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட முடிபு. தம் மாணாக்கரின் துணையோடு அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய துறைகளிலே பெரும் நூல்களைத் தமிழாக்கினார். உடலுறுப்புகளின் அமைப்பைக் கூறும் துறைக்கு அங்காதிபாதம் என்றும், அவற்றின் தொழிலைக் கூறும் துறைக்குச் சுகரணம் என்றும் பெயர்கள் வழங்கின. 1873இல் தாயகம் திரும்பிய அவர் 1884இல் காலமானார்.

அந்நூல்களைப் படித்த மானிப்பாய் மாணவன், இருதயம் நான்கு அறைகளை உடைய தசைப்பை என்பதையும், இடது கீழறையே இரத்தத்தை உடலெங்கும் தள்ளும் வலிய அறை என்பதையும் தன் தாய்மொழியிலே கற்றான். ஆனால் அந்தத் தசை அச்சத்தினாலும் துயரத்தினாலும் நஞ்சினாலும் சிறிது காலம் செயலற்றுப் போகக்கூடும் என்பதை அம்மாணவனுக்குச் சொல்ல அக்காலத்து உலகில் எவரும் இலர். இரத்தச் சுற்றோட்டத்தை 1628இல் விளக்கிய ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி, மனத்திலே எழும் நோவும் மகிழ்வும் நம்பிக்கையும் அச்சமும் இருதயம் வரை சென்று தாக்குகின்றன என்று குறிப்பிட்டிருந்தார். எவ்வழியாகத் தாக்குகின்றன என்ற வினாவிற்கு விடை கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

அந்த விடையின் ஒரு பகுதி தேளின் கொடுக்கிலே இருந்தது.

இந்தியாவின் செந்தேள் உலகின் மிகக் கொடிய தேள்களுள் ஒன்று. டென்மார்க்கு தேசத்துப் பூச்சியியல் அறிஞர் பப்ரீசியஸ் 1798இல் அதனை விவரித்துத் ‘தமூலுஸ்’ என்னும் இலத்தீன் பெயரை இட்டார். தமிழுக்குரியது என்பது அப்பெயரின் பொருள். இன்று விஞ்ஞான உலகம் அதனை ‘ஹொட்டன்டோட்டா தமூலுஸ்’ என்று வழங்குகிறது. மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம், தமிழ்நாடு முதலிய பிரதேசங்களிலே கற்குவியல்களிலும் ஓட்டுக் கூரைகளிலும் விறகு அடுக்குகளிலும் அது வாழ்கிறது. உருவத்திலே சிறியது. யாழ்ப்பாணத்தார் நட்டுவக்காலி என்று அஞ்சி ஒதுங்கும் பெரிய கருந்தேளோடு ஒப்பிட்டால் இது ஒரு குஞ்சு போலத் தோன்றும். ஆனால் நட்டுவக்காலியின் கொட்டு பெரும்பாலும் கடுப்போடு முடிந்துவிடும். செந்தேளின் கொட்டோ இருதயத்தைத் தேடிச் செல்லும்.

இந்த நஞ்சு தசையை அரிப்பதன்று. இரத்தத்தை உறையச் செய்வதுமன்று. நரம்பு முனைகளிலே சோடியம் என்னும் உப்புத்துணிக்கை புகுவதற்கு நுண்ணிய வாயில்கள் உண்டு. அவ்வாயில்களை மூடவிடாது திறந்தே வைத்திருப்பது செந்தேள் நஞ்சின் தொழில். அதனால் நரம்புகள் இடைவிடாது தூண்டப்படுகின்றன. அவற்றின் முனைகளிலிருந்தும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகளிலிருந்தும் அதிரனலின், நோரதிரனலின் என்னும் சுரப்புகள் வெள்ளம்போலப் பாய்கின்றன. புலியைக் கண்டவன் ஓடுவதற்கும், பகைவனைக் கண்டவன் எதிர்ப்பதற்கும் உடலை ஆயத்தப்படுத்துவன இச்சுரப்புகளே. அளவோடு சுரந்தால் உயிரைக் காக்கும் பொருள், அளவுமீறிச் சுரக்கும்போது உயிருக்கே கேடு செய்கிறது.

கொட்டப்பட்டவனுக்கு முதலிலே வாந்தி உண்டாகும். உடல் முழுவதும் வியர்த்துக் கொட்டும். கை கால்கள் பனிக்கட்டி போலக் குளிரும். இரத்தக் குழாய்கள் யாவும் சுருங்கிவிட, இரத்த அழுத்தம் ஏறும். ஒடுங்கிய வாய்க்காலுக்குள் நீரைத் தள்ள முயலும் இயந்திரம் போல இருதயம் திணறும். சுரப்புகளின் மிகுதி இருதயத் தசையையும் நேரே தாக்கும். இடது கீழறை சோர்ந்துவிட, இரத்தம் நுரையீரலிலே தேங்கி, நோயாளி தன் நுரையீரலிலே ஊறிய நீராலேயே மூச்சுத் திணறுவான். இந்த நிலையிலே எடுத்த இருதய மின்வரைபடம் மாரடைப்பின் வரைபடத்தைப் பெரிதும் ஒத்திருக்கும். இரத்தப் பரிசோதனையும் இருதயத் தசை காயமுற்றதென்றே கூறும். ஆயினும் முடியுரு நாடிகளிலே அடைப்பு இராது. நோயாளி அந்த ஓரிரு நாட்களைத் தாண்டிவிட்டால் இருதயம் மெல்ல மெல்லத் தன் வலிமையை மீளப்பெறும்.

தேள் கொட்டியவர் நுரையீரலில் நீர் தேங்கி இறப்பதைப் பற்றி முண்ட்லே என்னும் இந்திய வைத்தியர் 1961இலே பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் எழுதினார். இஸ்ரவேல் தேசத்தில் குவெரோன் என்னும் வைத்தியரும் அவருடைய துணைவரும், அந்நாட்டுத் தேள்களால் கொட்டப்பட்டோரின் இருதயத்தை ஆராய்ந்து, நரம்புச் சுரப்புகளின் மிகுதியே கேட்டிற்குக் காரணம் என்று 1970ஆம் ஆண்டளவிலே விளக்கினர். காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. உறக்க மருந்துகளும் வீக்கத்தைத் தணிக்கும் மருந்துகளும் வேறு பலவும் பயன்படுத்தப்பட்டன. அவற்றுட் சில நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்தன.

மருந்தைக் கண்டவர் பெரிய நகரத்துப் பேராசிரியர் அல்லர். மகாராட்டிரத்தின் கொங்கணப் பகுதியிலே பிர்வாடி என்னும் சிற்றூரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1976இல் பணியேற்ற இளைஞரான ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்பவர் அவர். வறிய குடும்பத்திலே பிறந்து, உழைத்துப் படித்து முன்னேறியவர். செந்தேள் கொட்டிய சிறுவரும் உழவரும் தம் கண்முன்னே மூச்சுத் திணறி இறப்பதை அவர் கண்டார். அந்த மரணங்களைப் பாடநூல்கள் விளக்கவில்லை. நோயாளியின் அருகிலேயே இரவு முழுவதும் அமர்ந்து, நாடித் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மணிக்கு மணி குறித்தார். ஆபத்தை முன்னரே உணர்த்தும் அடையாளங்களைத் தொகுத்து 1982இலே லண்டனில் வெளியாகும் ‘லான்செட்’ சஞ்சிகைக்கு எழுதினார்.

பின்னர் அவர் கருத்து பிரசோசின் என்னும் மாத்திரையிலே சென்றது. உயர் இரத்த அழுத்தத்திற்கெனப் பயன்பாட்டிற்கு வந்த மருந்து அது. சுரப்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதற்குப் பற்றிக்கொள்ளும் இடங்களை அம்மருந்து மறித்துவிடுகிறது. எனவே ஒடுங்கிய வாய்க்கால் விரிகிறது. இருதயத்தின் சுமை குறைகிறது. 1986இல் லான்செட் சஞ்சிகையிலே இதன் பயன் வெளியாயிற்று. கடுமையாகக் கொட்டப்பட்டவர்களிலே முன்னர் நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்தனர்; பிரசோசின் வந்த பின்னர் அத்தொகை நூற்றுக்கு ஓரிருவராகக் குறைந்தது. பின்னாளிலே தேள் நஞ்சுக்குரிய எதிர்மருந்தும் ஆயத்தமாயிற்று. அதனையும் பிரசோசினையும் சேர்த்துக் கொடுத்தால் நோயாளர் இன்னும் விரைவிலே தேறுகின்றனர் என்பதை 70 பேரைக் கொண்டு செய்த ஆய்வினால் பாவஸ்கர் தம்பதியினர் 2011இல் நிலைநாட்டினர். 2022இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை வழங்கியது.

கடலுக்கு இப்பால் இலங்கையின் பாடநூல்கள் நெடுங்காலமாக வேறு செய்தியையே கூறிவந்தன. இலங்கையிலே தேள்கள் உண்டு. உயிரைக் குடிக்கும் தேள் இல்லை என்பதே அச்செய்தி. தேள் கொட்டினால் கடுக்கும், வீங்கும், மறுநாள் தணியும் என்று வைத்திய மாணவர் படித்தனர். ஆனால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் விடுதிகளிலே வைத்தியர்கள் கண்ட காட்சி பாடநூலுக்கு ஒத்துவரவில்லை. தேள் கொட்டியவர் வியர்த்துக் குளிர்ந்து வந்தனர். இருதயம் படபடக்க வந்தனர். சிலர் தம்மைக் கொட்டிய தேளையும் போத்தலில் இட்டுக் கொண்டுவந்தனர். அந்தப் போத்தல்களே உண்மையை வெளிப்படுத்தின.

1850இலே பேர்சிவல் அக்லண்ட் டைக் என்னும் அரசாங்க அதிபரின் காலத்தில், வறியோருக்கு உதவும் சங்கத்தின் சிறு வைத்தியசாலையாகத் தொடங்கி வளர்ந்தது யாழ்ப்பாண வைத்தியசாலை. அங்கு வைத்திய நிபுணர் சிவன்சுதனும், பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் குலரத்தினவும், விலங்கியல் அறிஞர் ரணவனவும், தேள்களை வகுப்பதிலே உலகப் புகழ்பெற்ற செக் நாட்டு அறிஞர் கோவாரிக்கும் பிறரும் இணைந்து அத்தேள்களை ஆராய்ந்தனர். அவை இந்தியச் செந்தேளே என்பது உறுதியாயிற்று. இலங்கையில் அத்தேள் உண்டு என்ற முதல் அறிக்கை 2013இலே வெளிவந்தது. 2012ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு வந்த 84 நோயாளரைப் பற்றிய விரிவான ஆய்வு 2015இல் வெளியாயிற்று. நோயாளரை அவ்வாய்வாளர் பிரசோசின் மாத்திரை கொண்டு பேணினர். கொங்கணத்துச் சிற்றூரிலே ஓர் இளம் வைத்தியர் கண்டறிந்த மருந்து, நாற்பது ஆண்டுகள் நிறைவதற்குள் யாழ்ப்பாணத்து விடுதியிலே உயிர் காத்தது.

இத்தேள் கடலை எவ்வாறு கடந்தது என்பது பற்றிக் குடாநாட்டிலே பல கதைகள் வழங்குகின்றன. 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இங்கு இருந்த காலத்திலே தளவாடங்களோடும் மூட்டைகளோடும் வந்தது என்போர் உளர். அதற்கு முன்னரே பாக்கு நீரிணையைக் கடந்த சரக்குத் தோணிகளிலே வந்திருக்கலாம் என்போரும் உளர். எவ்வழியில் வந்திருப்பினும், குடாநாட்டின் சுண்ணக்கல்லும் செம்மண்ணும் வறண்ட வெயிலும் அதற்கு ஏற்ற வீடாயின. போரினால் இடிந்து, ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்த வீடுகளின் கற்குவியல்கள் எத்தேளுக்கும் அரண்மனையே அன்றோ!

இனி ஜப்பானியரின் மட்பானைக்கு வருவோம். ஹிரோஷிமா நகரத்து வைத்தியர் ஹிக்காரு சாட்டோவும் அவருடைய துணைவரும் 1990ஆம் ஆண்டிலே ஒரு புதுமையை எழுதினர். நெஞ்சுநோவோடு வந்த சில நோயாளர். மின்வரைபடமோ மாரடைப்பு என்கிறது. நாடிகளுக்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தால் அடைப்பு இல்லை. இடது கீழறையின் நுனி மட்டும் அசைவற்று ஊதி நிற்க, கழுத்துப்புறம் ஒடுங்கியிருக்கிறது. அவ்வடிவம் அந்நாட்டு மீனவர் எண்காலிக் கணவாயைப் பிடிப்பதற்குக் கடலில் இறக்கும் பானையை அவர்களுக்கு நினைவூட்டியது. ‘டாக்கோ’ என்பது கணவாய். ‘சுபோ’ என்பது பானை. ஆகவே அந்நோய் டாக்கோசுபோ என்று பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவர் அதனை முதன்முதல் கண்டிருப்பின், பனையிலே கட்டும் கள்ளுமுட்டியின் பெயரை இட்டிருக்கவும் கூடும். குறுகிய வாயும் பருத்த வயிறும் இரண்டிற்கும் பொதுவன்றோ!

அந்நோயாளருட் பலர் வயது முதிர்ந்த பெண்கள். கணவனை இழந்தவர், பிள்ளையின் மரணச் செய்தியைக் கேட்டவர், பெரும் அச்சத்திற்கு ஆளானவர் அவர்களிலே இருந்தனர். 2005இலே அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த விட்ஸ்டைன் முதலியோர் திடீர் மனத்தாக்கத்தால் இந்நிலையை அடைந்த 19 பேரை ஆராய்ந்தனர். அவர்களுடைய இரத்தத்திலே அதிரனலின் முதலிய சுரப்புகள், உண்மையான மாரடைப்பு நோயாளரிடம் இருப்பதிலும் இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருந்தன. ஹார்வியின் வினாவிற்கு விடை கிடைத்தது. தேளின் நஞ்சு வெளியிலிருந்து வந்து திறந்துவிடும் அதே மடையை, தாங்கொணாத் துயரம் உள்ளிருந்தே திறந்துவிடுகிறது. இரண்டும் ஒரே நோய் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் இரண்டிற்கும் ஊற்று ஒன்றே.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். இந்நோய் துயரத்தினால் மட்டுமே வருவது என்று எண்ணுதல் தவறு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 26 நிலையங்களில் 1,750 நோயாளரைக் கொண்டு செய்த பேராய்வு ஒன்று 2015இல் வெளியாயிற்று. அவர்களிலே பத்தில் ஒன்பதின்மர் பெண்கள். சராசரி வயது ஏறத்தாழ 67. நூற்றுக்கு 28 பேரளவிலேயே மனத்தாக்கம் காரணமாக இருந்தது. நூற்றுக்கு 36 பேருக்குக் கடும் நோய், சத்திரசிகிச்சை முதலிய உடற்றுன்பங்கள் காரணம். எஞ்சியோருட் பெரும்பாலோரிடம் காரணம் எதுவும் புலப்படவில்லை. மகிழ்ச்சிப் பெருக்கினாலும் இது வருவதுண்டு என்பதும் பின்னர் தெரிந்தது. தானே தேறிவிடும் நோய் என்பதனால் தீங்கற்றது என்ற எண்ணமும் அவ்வாய்வினால் உடைந்தது. வைத்தியசாலையில் இருக்கும்போதே நூற்றுக்கு நால்வர் அளவில் இறந்தனர். இருதயம் மீண்டெழும் வரை அதனைத் தாங்கிப் பிடிப்பதே வைத்தியரின் கடமை. அந்தச் சில நாட்களிலேயே உயிர் ஊசலாடுகிறது.

2004ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் ஜப்பானின் நீகாட்டா மாகாணத்திலே பெரும் பூமியதிர்ச்சி ஏற்பட்டது. அதைத் தொடர்ந்த நாட்களிலே முதிய பெண்கள் பலர் டாக்கோசுபோ நோயோடு வைத்தியசாலைகளுக்கு வந்தனர். வைத்தியர்கள் அவர்களை எண்ணிக் கணக்கிட்டு உலகிற்கு அறிவித்தனர். அதற்கு இரண்டு மாதங்களின் பின், திசம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை வடமராட்சியின் கிழக்குக் கரையைத் தாக்கியது. மணற்காடு தொடங்கி மருதங்கேணிக்கு அப்பாலும் மீனவக் குடியிருப்புகள் சில நிமிடங்களிலே அழிந்தன. பிள்ளைகளைக் கையிலிருந்து அலை பறித்துச் சென்ற தாய்மார், மணலிலே நெஞ்சைப் பற்றிக்கொண்டு வீழ்ந்தனர். நீகாட்டாவிலே நாடிப்படம் எடுத்து நோயைப் பிரித்தறிய முடிந்தது. போரினால் நைந்த குடாநாட்டில் அத்தகைய வசதி அக்காலத்தில் இல்லை. கணக்கிலே ஏறாத துயரம் இல்லாத துயரம் ஆகிவிடாது.

அதற்கு முன்னும் குடாநாடு கண்ட இழப்புகள் சிறியன அல்ல. 1995ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடுகளை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிலே நடந்தனர். நடக்க இயலாத முதியோர் வழியிலே சோர்ந்து வீழ்ந்தனர். யாழ்ப்பாணத்து மனநோய் வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்கள், போர்க்காலத்திலே மக்கள் தம் மனத்தின் வேதனையை உடலின் வேதனையாகவே கூறிவந்தனர் என்பதைத் தம் ஆய்வுகளிலே எடுத்துக்காட்டினார். நெஞ்சு அடைக்கிறது, நெஞ்சு எரிகிறது, பெருமூச்சு விட்டால்தான் ஆறுகிறது என்றனர் அவர்கள். இவையெல்லாம் டாக்கோசுபோ அல்ல. பெரும்பாலானவை இருதயத் தசையைத் தீண்டாத வேதனைகளே. ஆனால் மனமும் உடலும் இருவேறு வீடுகள் அல்ல, ஒரே வீட்டின் இரு அறைகள் என்பதை யாழ்ப்பாணத்து மக்களின் பேச்சு நெடுங்காலமாகவே அறிந்திருந்தது. ‘நெஞ்சு வெடித்துச் செத்தாள்’ என்று ஊரிலே கூறும் சொல் வெறும் அணி அன்று. சிலவேளை அது நோயின் பெயரும் ஆகலாம்.

இந்த வரலாற்றிலிருந்து நேயர்கள் கொள்ளத்தக்க பயன்கள் இரண்டு. முதலாவது, நெஞ்சுநோவு கவலையினால் வந்தது என்று வீட்டிலே இருப்போர் தாமே தீர்மானித்தல் கூடாது. செத்தவீட்டிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும் கிழவியைக் கண்டு, அழுது களைத்துவிட்டாள், ஒரு மிடறு சோடா கொடுங்கள் என்று கூறிப் பாயிலே கிடத்துவது உயிர்க்கேடாய் முடியலாம். அது உண்மையான மாரடைப்பாக இருக்கலாம். திகைத்த இருதயமாக இருக்கலாம். வேறுபாட்டை நாடிப்படமும் ஒலியலைப் படமும் காட்டுமேயன்றி, மின்வரைபடம் கூடத் தனித்து நின்று காட்டுவதில்லை. எதுவாயினும் செல்ல வேண்டிய இடம் வைத்தியசாலையே.

இரண்டாவது, தேள் கொட்டியவரின் நிலையைக் கடுப்பைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது. வாந்தி, பெருவியர்வை, குளிர்ந்த கைகால்கள், படபடப்பு ஆகியவை தோன்றினால், செந்தேள் இருதயத்தைத் தேடிப் புறப்பட்டுவிட்டது என்றே கொள்ளல் வேண்டும். கொட்டிய இடத்தைக் கீறுதலும், இறுகக் கட்டுதலும், மந்திரிக்கும் வீட்டிலே மணிக்கணக்கில் காத்திருத்தலும் அந்த நேரத்தை விழுங்கிவிடும். தோட்டத்திலே கல்லைப் புரட்டுவோரும், விறகு அடுக்கிலே கை வைப்போரும், இருளிலே வெறுங்காலோடு நடப்போரும் சிறிது எச்சரிக்கையாக இருப்பின் இந்த ஆபத்தே நேராது. அடியிடும் முன் செருப்பைத் தட்டிப் பார்த்தலும், படுக்கையை உதறி விரித்தலும் செலவற்ற மருந்துகள்.

1848இல் மானிப்பாயிலே தமிழ் மாணவருக்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய கிறீன் வைத்தியர், நோயை அறிந்த மக்களே நோயை வெல்வர் என்று நம்பினார். 1978இலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வைத்திய பீடத்தினர் போர்க்காலத்திலும் அந்த விளக்கை அணையவிடாது காத்தனர். பிர்வாடியிலே இரவு முழுவதும் நோயாளியின் அருகில் அமர்ந்திருந்தவரும், யாழ்ப்பாணத்திலே போத்தலில் வந்த தேளை எறிந்துவிடாது உற்றுநோக்கியவரும் அந்த மரபினரே. பாடநூல் சொல்வதைக் காட்டிலும் படுக்கையிலே கிடப்பவன் சொல்வதை நம்பியதே அவர்கள் செய்த பெரும்பணி.

இருதயம் கல்லன்று, திகைக்கும். கண்ணாடியுமன்று, திகைத்ததெல்லாம் உடைந்துவிடுவதில்லை. உரிய காலத்திலே தாங்கிப் பிடிக்கும் கைகள் இருந்தால் மீண்டும் எழுந்து தன் தொழிலைத் தொடங்கும். எத்தனையோ இழப்புகளைக் கண்டும் மீண்டும் வெங்காயம் நட்டு, மீண்டும் வேலி அடைத்து, மீண்டும் விளக்கேற்றிய குடாநாட்டு மக்களுக்கு இந்த உண்மையை எவரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.